மறுபடி வந்த லிம்ஃபோமா, தன் ஸ்டெம் செல் மாற்று, 52-ஆம் நாள் இருமல்: ஒரு நிகழ்வு ஆய்வு

கீழே வரும் நோயாளி ஒரு தனி மனிதர் இல்லை. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுக்கான தன் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையில் (நோயாளியின் சொந்த ரத்த மூலச் செல்களை எடுத்து வைத்துத் திரும்ப ஏற்றுவது) திரும்பத் திரும்பப் பார்க்கும் போக்குகளை ஒருவர்மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். மருந்தளவுகளும் வரம்புகளும் நடைமுறையில் உள்ளவை.

ஆண், 46 வயது. எடை 62 கிலோ, உயரம் 165 செ.மீ. உயரத்தையும் எடையையும் பெருக்கி 3600-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் உடற்பரப்பு 1.69 ச.மீ. வரும். இனி வரும் மருந்துக் கணக்குகள் பெரும்பாலும் இந்த எண்ணிலிருந்துதான்.

44 வயதில் நெஞ்சின் நடுப்பகுதியில் 11 செ.மீ. கட்டியுடன் டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்ஃபோமா கண்டுபிடிக்கப்பட்டது. ஆர்-சாப் (ரிடுக்சிமாப் சேர்ந்த கூட்டுக் கீமோ) 6 சுற்று, பிறகு கட்டி இருந்த இடத்துக்கு 36 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு. நோய் முழுமையாக மறைந்தது. சிகிச்சை முடிந்த 19-ஆம் மாதம் வலது கழுத்தில் 3 செ.மீ. முடிச்சு. பெட் ஸ்கேனில் (உயிர்ப்புள்ள கட்டி ஒளிரும் படம்) வயிற்றின் பின்புற நிணக்கணுக்களும் ஒளிர்ந்தன. மறுபடி பயாப்சி செய்ததில் அதே லிம்ஃபோமா, சி.டி.20 (ரிடுக்சிமாப் குறிவைக்கும் புரதம்) பாசிட்டிவ், நோயை முரடாக்கும் மிக்–பி.சி.எல்.2 இரட்டை மரபணு மாற்றம் இல்லை. பழைய நோய்தானே என்று பயாப்சியைத் தவிர்ப்பது தவறு. கழுத்து முடிச்சு காசநோயாக இருக்கலாம், வேறு வகை லிம்ஃபோமாவாக மாறியிருக்கலாம், இரண்டாவது புற்றாகவும் இருக்கலாம். இவ்வளவு கடுமையான சிகிச்சையைப் பழைய ஸ்லைடை நம்பித் தொடங்க முடியாது.

ஏன் இந்த வழி

சிகிச்சையின் பெயரே நோயாளிகளைக் குழப்புகிறது. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களுக்கு லிம்ஃபோமாவைக் கொல்லும் வேலை எதுவும் கிடையாது. கொல்வது கீமோ மருந்துதான். அதை வழக்கமான அளவைத் தாண்டிக் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை அழிந்துவிடும். அழிந்த மஜ்ஜையை மறுபடி முளைக்க வைக்கவே முன்கூட்டி எடுத்து வைத்த செல்கள். ஆகவே, மருந்துக்கு அடங்காத லிம்ஃபோமாவுக்கு எத்தனை கோடி செல் ஏற்றினாலும் பலன் குறைவு. கூடவே, மஜ்ஜை மீண்டுவிட்டதாலேயே உடம்பு முழுதும் மீண்டுவிட்டது என்று கொள்ளவும் முடியாது. நுரையீரலைக் காக்க அந்த ஸ்டெம் செல் பையில் எதுவும் இல்லை.

இந்த வழிக்கு அடித்தளம் 1995-இல் வெளியான பார்மா (Parma) ஆய்வு. திரும்பி வந்த வேகமான லிம்ஃபோமா உள்ள 215 பேரில், கீமோவுக்குப் பதில் சொன்ன 109 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் 5 ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் 46 சதவீதம், கீமோ மட்டும் தொடர்ந்தவர்களில் 12 சதவீதம். உயிருடன் இருந்தவர்கள் முறையே 53, 32 சதவீதம். அது ரிடுக்சிமாப் வருவதற்கு முந்தைய காலம். இப்போது முதல் சிகிச்சைக்குள்ளேயே அடங்காத நோய்க்கும், 12 மாதத்துக்குள் திரும்பும் நோய்க்கும் கார்-டி செல் சிகிச்சையே (நோயாளியின் டி-செல்களை மாற்றியமைத்துப் புற்றைத் தாக்க விடுவது) மேல் என்று 2022 முதல் தெளிவாகியிருக்கிறது. இவருக்கு நோய் திரும்பியது 19-ஆம் மாதம். அந்த இடைவெளியே, மருந்துக்கு அடங்கும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு ஓர் அறிகுறி.

அதைச் சோதிக்க ஆர்-ஜி.டி.பி. 2 சுற்று, 21 நாளுக்கு ஒருமுறை: ரிடுக்சிமாப் 375 மி.கி./ச.மீ. முதல் நாள், ஜெம்சிடபின் 1000 மி.கி./ச.மீ. முதல் நாளும் 8-ஆம் நாளும், டெக்சாமெத்தசோன் 40 மி.கி. 4 நாள், சிஸ்பிளாட்டின் 75 மி.கி./ச.மீ. முதல் நாள். 2-ஆம் சுற்றுக்குப் பிறகு எடுத்த பெட் ஸ்கேனில் டோவில் மதிப்பெண் (1 முதல் 5 வரை) 2, அதாவது முழு வளர்சிதை மறைவு. மாற்றுச் சிகிச்சைக்கான கதவு இங்கேதான் திறந்தது. மதிப்பெண் 5 வந்திருந்தால் பாதையே வேறு.

ஆயத்தப் பரிசோதனைகளில் இதயத்தின் இ.எஃப்., அதாவது ரத்தத்தை வெளித்தள்ளும் திறன், 58 சதவீதம். இதயத்தைத் தாக்கக்கூடிய டாக்சோரூபிசின் ஆர்-சாப்பில் ஏற்கெனவே 300 மி.கி./ச.மீ. ஏறியிருந்ததால் இதைப் பார்க்காமல் நகர முடியாது. கிரியாட்டினின் 0.9. ஹெபடைடிஸ் பி கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்பதால் முதல் ரிடுக்சிமாப் காலத்திலிருந்தே அந்த வைரஸைத் தடுக்கும் எண்டெகாவிர் எடுத்து வந்தார், அதை நிறுத்தவில்லை. ரிடுக்சிமாப் முடிந்து ஓராண்டு கழித்தும்கூட தூங்கும் வைரஸ் விழித்துக் கல்லீரலைச் சிதைக்கும். பல் மருத்துவர் ஆடிய கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார். விந்தணு சேமிப்பு முதல் சிகிச்சைக்கு முன்பே முடிந்திருந்தது. நுரையீரலின் வாயுப் பரிமாற்றத் திறன், அதாவது டி.எல்.சி.ஓ., 71 சதவீதம். சிகிச்சையைத் தடுக்கும் அளவுக்குக் குறைவில்லை. ஆனால் நெஞ்சில் 36 கிரே வாங்கியவருக்கு 71 என்பது கையிருப்பு குறைவு என்று பொருள். இந்த எண்ணை அன்று அடிக்கோடிட்டு வைத்தது பின்னால் உதவியது.

செல் சேகரிப்பு

மஜ்ஜையைத் தூண்டி ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு வரவைக்கும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி, கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் நாளுக்கு 620. 300 மைக்ரோகிராம் ஊசி இரண்டாக, 600 போடப்பட்டது. 3-ஆம் நாள் முதல் இடுப்பிலும் மார்பெலும்பிலும் வலி, பாராசிட்டமாலில் அடங்கியது. இடது விலாவுக்குக் கீழே வலி வந்தால் மட்டும் அதை எலும்பு வலி என்று விடக்கூடாது. மண்ணீரல் வீங்கிக் கிழியும் ஆபத்து அரிது என்றாலும் உண்டு.

5-ஆம் நாள் காலை வெள்ளணு 38,000. பார்க்கத் திருப்தியான எண். ஆனால் சி.டி.34 செல், அதாவது ஸ்டெம் செல், எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 9 மட்டுமே. வெள்ளணு ஏறினால் ஸ்டெம் செல்லும் ஏறும் என்று நினைத்து, ரத்தத்தைச் சுற்றவிட்டுச் செல்லைப் பிரிக்கும் இயந்திரத்தில் ஏற்றுவதுதான் வழக்கமான பிழை. 20-க்கு மேல் இருந்தால் தயங்காமல் சேகரிக்கலாம். 10-க்குக் கீழே சேகரித்தால் நாள் முழுதும் ஓட்டியும் பை காலியாகத்தான் இருக்கும். ஏன் குறைந்தது? மார்பெலும்பும் முதுகெலும்பின் ஒரு பகுதியும் மஜ்ஜை நிறைந்த எலும்புகள். அவை கதிர்வீச்சில் குளித்தவை. அதன்மேல் 8 சுற்று கீமோ.

அன்று இரவே பிளெரிக்சஃபோர், கிலோவுக்கு 0.24 மி.கி., 14.9 மி.கி. தோலடி ஊசியாக, மறுநாள் சேகரிப்புக்கு 11 மணி நேரம் முன்பு. ஸ்டெம் செல்லை மஜ்ஜையில் கட்டி வைத்திருக்கும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 பிடிப்பை இது விடுவிக்கிறது. காலையில் எண்ணிக்கை 27.

என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். மைக்ரோலிட்டருக்கு 27 என்றால் மில்லிலிட்டருக்கு 27,000. இவருடைய ரத்தம் சுமார் 4 லிட்டர். அதன் மூன்று மடங்கு, 12 லிட்டர், இயந்திரத்தின் வழியே சுற்ற வேண்டும். அதில் 32.4 கோடி செல். இயந்திரம் பிடிப்பது 45 சதவீதம் என்று வைத்தால் 14.6 கோடி. 62-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 23.5 லட்சம். கிடைத்தது 24 லட்சம். குறைந்தபட்சத் தேவை கிலோவுக்கு 20 லட்சம், மனநிறைவான இலக்கு 40 லட்சத்துக்கு மேல். இலக்கை எட்ட இரவில் மறுபடி பிளெரிக்சஃபோர். அடுத்த நாள் 17 லட்சம் கிடைக்க, மொத்தம் 41 லட்சம்.

முதல் நாள் இரண்டாம் மணி நேரத்தில் உதட்டைச் சுற்றி மதமதப்பு, பிறகு விரல்கள் இழுத்துக்கொண்டன. ரத்தம் உறையாமல் இருக்கக் கலக்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது இது. கால்சியம் குளுக்கோனேட் ஓட்டியும் முழுதாக அடங்கவில்லை. மெக்னீசியம் பார்த்தால் 1.2 மி.கி./டெ.லி. சிஸ்பிளாட்டின் சிறுநீரகம் வழியே மெக்னீசியத்தைக் கசிய வைத்திருந்தது. மெக்னீசியம் குறைந்தால் கால்சியமும் நிலை கொள்ளாது. 2 கிராம் மெக்னீசியம் சல்ஃபேட் போன பிறகே விரல்கள் தளர்ந்தன. சிஸ்பிளாட்டின் வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் சேகரிப்பு நாளுக்கு முன்தினமே மெக்னீசியம் பார்த்துவிட்டால் இந்த அவஸ்தை மிச்சம்.

சேகரிப்புக்கு 7 நாள் முன்பிலிருந்தே இவருக்கு ஏற்றும் சிவப்பணு, தட்டணு எல்லாம் 25 கிரே கதிரூட்டப்பட்டதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தானம் செய்தவரின் லிம்ஃபோசைட்டுகள் சேகரிப்புப் பையிலேயே போய் உட்காரும்.

பீம் முறை (கார்மஸ்டின், எட்டோபொசைடு, சைட்டாரபின், மெல்ஃபலான் நான்கும் சேர்ந்த உயர் அளவுக் கீமோ) ஒரு வாரம் ஓடும் என்பதால் செல்களை உறைய வைப்பது அவசியம். உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. 10 சதவீதம் கலந்து, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்வித்து, திரவ நைட்ரஜன் ஆவியில் 4 பைகள். ஒவ்வொன்றும் 80 மி.லி.

பீம்: ஆறு நாள்

செல் ஏற்றும் நாள் பூஜ்யம், அதற்கு முந்தைய நாட்கள் மைனஸ். மைனஸ் 6-ஆம் நாள் கார்மஸ்டின் 300 மி.கி./ச.மீ. கணக்கில் 507 மி.கி. வரும், 100 மி.கி. குப்பி ஐந்துக்கு முழுமையாக்கி 500. ஒவ்வொரு குப்பியையும் கரைக்க 3 மி.லி. ஆல்கஹால், ஆக 15 மி.லி. ஆல்கஹால் உடம்புக்குள் போகிறது. முகம் சிவப்பதும் தலைவலியும் ரத்த அழுத்தம் இறங்குவதும் அதனால்தான். 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டினால் இன்னும் மோசமாகும். இந்தத் தூள் ஏறத்தாழ 31 டிகிரியிலேயே உருகிவிடும். குப்பியின் அடியில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் குளிர்ச்சி எங்கோ தவறியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குப்பியைத் தூக்கி எறிய வேண்டும். சாதாரண பி.வி.சி. பையின் சுவரில் மருந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் கண்ணாடிப் புட்டியோ பி.வி.சி. அல்லாத பையோ வேண்டும்.

மைனஸ் 5 முதல் மைனஸ் 2 வரை எட்டோபொசைடு 200 மி.கி./ச.மீ. நாளுக்கு ஒருமுறை, சைட்டாரபின் 200 மி.கி./ச.மீ. 12 மணிக்கொருமுறை. பெரிய சிக்கல் எதுவும் இல்லை.

மைனஸ் 1-ஆம் நாள் மெல்ஃபலான் 140 மி.கி./ச.மீ., 237 மி.கி. இந்த மருந்து கரைத்த நிமிடத்திலிருந்தே சிதையத் தொடங்கும். வழக்கமான வகை மெல்ஃபலான், கரைத்து 60 நிமிடத்துக்குள் முழுதும் உடம்பில் ஏறி முடிய வேண்டும். ஒரு மி.லி.யில் 0.45 மி.கி.க்கு மேல் அடர்த்தி கூடாது. ஆக 530 மி.லி.க்குக் குறையாத சலைன். இதை ஓட்டவே 30 நிமிடம் பிடிக்கும். மீதி 30 நிமிடத்துக்குள் மருந்தறையிலிருந்து கட்டில் வரை வந்தாக வேண்டும். அதனால் வரிசை இப்படி: லைன் (பெரிய நரம்பில் போட்ட குழாய்) தடையின்றி ஓடுகிறதா பார்ப்பது, வாந்தித் தடுப்பு மருந்து கொடுத்து முடிப்பது, நோயாளி வாயில் பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டுக்கொள்வது. அதற்குப் பிறகுதான் கரைக்கச் சொல்லி மருந்தறைக்குச் சொல்ல வேண்டும். பனிக்கட்டி, மருந்து ஓடும்போது வாயின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, வாய்ப்புண்ணைக் குறைக்கும். இவர் பல் கூசுகிறது என்று 10 நிமிடத்தில் துப்பிவிட்டார். அதன் விலையைப் பிறகு பார்ப்போம்.

பூஜ்ய நாள், மெல்ஃபலான் முடிந்து 24 மணி நேரம் கழித்து, செல் ஏற்றம். 4 பை, 320 மி.லி., அதில் டி.எம்.எஸ்.ஓ. 35 கிராம். கிலோவுக்கு 1 கிராம் என்ற நாளைய வரம்புக்குள் இருந்ததால் ஒரே நாளில் ஏற்றலாம். 37 டிகிரி நீரில் ஒவ்வொரு பையாக உருக்கி, வெள்ளணு வடிகட்டி இல்லாத செட்டில், 10 முதல் 15 நிமிடத்துக்குள். வடிகட்டி உள்ள செட்டைப் பழக்கதோஷத்தில் மாட்டிவிட்டால் ஸ்டெம் செல்கள் வடிகட்டியிலேயே தங்கிவிடும். மஜ்ஜை அழிந்த நிலையில் அதைவிடப் பெரிய விபத்து இல்லை. அடுத்த பையை உருக்குவது முந்தையது பிரச்சினையின்றி உள்ளே போன பிறகே. தொண்டையில் கமறல், நாடித் துடிப்பு குறைதல், ஓரிரு நாள் மூச்சில் பூண்டு வாடை ஆகியவை டி.எம்.எஸ்.ஓ.வால் வருபவை.

எண்ணிக்கை பூஜ்யமான நாட்கள்

4-ஆம் நாள் நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் வெள்ளணு) பூஜ்யம். 5-ஆம் நாள் முதல் ஜி-சி.எஸ்.எஃப். கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். பனிக்கட்டியைத் துப்பியதன் விலை இதோ: அதே நாள் வாய்ப்புண் மூன்றாம் நிலைக்குப் போனது. திரவம் மட்டுமே விழுங்க முடிந்தது. 4 நாள் மார்ஃபின் ஓட்ட வேண்டியிருந்தது. நாளுக்கு 7 முறை வயிற்றுப்போக்கு.

6-ஆம் நாள் காய்ச்சல் 38.6, ரத்த அழுத்தம் 88/54. லைனின் இரண்டு வாய்களிலிருந்தும் கை நரம்பிலிருந்தும் ரத்தம் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்க) எடுத்து, 40 நிமிடத்துக்குள் பிப்பரசிலின்–டசோபாக்டம் 4.5 கிராம் உள்ளே போனது. ஒரு மணி நேரம் என்பது வெளி எல்லை. திரவம் கிலோவுக்கு 30 மி.லி. கொடுத்ததும் அழுத்தம் ஏறியது. இரவில் கிளெப்சியெல்லா வளர்ந்தது. அந்த மருந்துக்கு எதிர்ப்பு தெரியவே மெரோபெனம் 1 கிராம் 8 மணிக்கொருமுறை. லைன் பாட்டில் 10 மணி நேரத்திலும், கை நரம்பு பாட்டில் 10 மணி 40 நிமிடத்திலும் வளர்ந்தன. லைன் பாட்டில் 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்தியிருந்தால் லைன்தான் ஊற்று, பிடுங்கியாக வேண்டும். இங்கே வெறும் 40 நிமிட வித்தியாசம். புண்ணான குடலே வாசல். லைன் காப்பாற்றப்பட்டது. தட்டணு 10,000-க்கு மேல் போதும் என்ற வரம்பு, காய்ச்சல் இருந்தவரை 20,000 ஆக உயர்த்தப்பட்டது.

11-ஆம் நாள் நியூட்ரோஃபில் 620. 12-இல் 1,400. 13-இல் 3,100. தொடர்ந்து மூன்று நாள் 500-க்கு மேல் இருந்தால் அதில் முதல் நாளே முளைப்பு நாள், ஆக 11. ஆனால் 12-ஆம் நாள் மறுபடி 38.5 காய்ச்சல், மார்பிலும் முதுகிலும் சிவந்த தடிப்பு, 2 நாளில் எடை 2.8 கிலோ கூடியிருந்தது. கல்ச்சர் சுத்தம். புதிய வெள்ளணுக்கள் ஒரே வேகத்தில் எழும்போது கொட்டும் சைட்டோகைன்களால் (அழற்சியைத் தூண்டும் புரதங்கள்) வரும் முளைப்புக் கோளாறு இது. ஜி-சி.எஸ்.எஃப். நிறுத்தி, மெரோபெனத்தைத் தொடர்ந்தபடி, மெத்தில்பிரட்னிசலோன் கிலோவுக்கு 1 மி.கி. மறுநாளே காய்ச்சல் விட்டது. சில நாளில் குறைத்து நிறுத்தப்பட்டது. 18-ஆம் நாள் வீடு.

52-ஆம் நாள்

வறட்டு இருமல் 52-ஆம் நாள் தொடங்கியது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. ரத்த எண்ணிக்கை இயல்பு. வீட்டருகே காட்டியபோது சளித் தொந்தரவு என்று அசித்ரோமைசின். வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்த தாளில் காய்ச்சல், ரத்தக்கசிவு, கொப்புளம் எல்லாம் எச்சரிக்கையாக இருந்தன, இருமல் இல்லை. எட்டு நாள் வீணானது.

60-ஆம் நாள் வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் ஆக்சிஜன் 95. அத்தோடு விட்டிருந்தால் இன்னொரு முறையும் தவறியிருக்கும். ஒரு மாடி ஏறி இறங்கச் சொன்னதில் 87. மூச்சுக்கு நடுவே வாக்கியம் உடைந்தது. டி.எல்.சி.ஓ. 71-லிருந்து 44. சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் மேலும் கீழுமாகப் பனிமூட்டம் போன்ற நிழல். கதிர்வீச்சுப் புண் என்றால் கதிர் பட்ட பகுதியின் எல்லைக்குள், நேர்கோட்டு விளிம்புடன் நிற்கும். இது எல்லை தாண்டிப் பரவியிருந்தது. கார்மஸ்டின் நுரையீரல் அழற்சி என்பதே முதல் ஊகம்: மருந்து போய் ஒன்று முதல் மூன்று மாதத்தில் வரும், ஏற்கெனவே நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கியவரை அதிகம் தேடி வரும். செல் சேகரிப்பைக் கெடுத்த அதே 36 கிரே இங்கேயும் கணக்குத் தீர்த்தது.

ஆனால் ஊகத்தின் பேரில் மட்டும் ஸ்டீராய்டு கொடுப்பது ஆபத்து. நியூமோசிஸ்டிஸ் நிமோனியா, சி.எம்.வி. வைரஸ், பூஞ்சை, காசநோய் நான்கும் இதே முகத்தோடு வரலாம். நியூமோசிஸ்டிஸைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோலை வாரம் மூன்று நாள் விடாமல் எடுத்ததாகச் சொன்னார், மாத்திரை அட்டையும் அதைக் காட்டியது. அன்றே பிராங்கோஸ்கோப்பி செய்து நுரையீரல் கழுவிய நீர் எடுக்கப்பட்டது. எடுத்த கையோடு பிரட்னிசலோன் 60 மி.கி. தொடங்கியாயிற்று. முடிவுகள் வரும்வரை காத்திருந்தால் அழற்சி தழும்பாக இறுகிவிடும். இறுகிய தழும்பு ஸ்டீராய்டுக்கு இளகாது. இரண்டு நாளில் நான்கு பரிசோதனைகளும் நெகட்டிவ். காசநோய் கல்ச்சர் மட்டும் வாரக்கணக்கில் ஓடி, அதுவும் நெகட்டிவாக முடிந்தது.

ஐந்தாம் நாள் மாடி ஏறி இறங்கியபின் ஆக்சிஜன் 92. இரண்டு வாரம் 60 மி.கி., பிறகு வாரத்துக்கு 10 மி.கி. குறைத்ததில் 10-ஐத் தொட்ட வாரம் இருமல் திரும்பியது. 30-க்கு ஏற்றி, இம்முறை இரு வாரத்துக்கு 5 மி.கி. வீதம் இறக்கப்பட்டது. அந்தக் காலம் முழுதும் பூஞ்சைத் தடுப்பு, சர்க்கரைக் கண்காணிப்பு. நியூமோசிஸ்டிஸ் தடுப்பு 6 மாதத்தோடு நிற்காமல் ஸ்டீராய்டு முடியும்வரை நீண்டது.

100-ஆம் நாள் பெட் ஸ்கேனில் நிணக்கணுக்கள் டோவில் 2. நுரையீரலில் மட்டும் பரவலாக மங்கிய ஒளிர்வு. ஸ்கேன் வேண்டுகோளில் கார்மஸ்டின் அழற்சியைப் பற்றி எழுதியிருந்ததால் அது நோய் திரும்பியதாகப் படிக்கப்படவில்லை. எழுதாமல் விட்டால் இந்த இடத்தில் தேவையற்ற பயாப்சியும் தூக்கமில்லாத இரவுகளும்தான்.

வீட்டுக்குப் போகிறவர்களுக்கான தாளில் இப்போது முதல் வரி கார்மஸ்டின் போன தேதி, இரண்டாம் வரி டி.எல்.சி.ஓ. எண், மூன்றாவது: வறட்டு இருமலோ மாடி ஏறும்போது மூச்சிரைப்போ மூன்று நாள் நீடித்தால் உடனே வரவும், படி ஏறச் சொல்லி ஆக்சிஜன் பார்க்கவும்.

12-ஆம் மாதம்: நோய் இல்லை, டி.எல்.சி.ஓ. 66. ஸ்டீராய்டால் தள்ளிப்போன தடுப்பூசிகள், முதலில் நிமோகாக்கஸ், தொடங்கின. உயிருள்ள தடுப்பூசிகள் 24 மாதத்துக்கு முன் இல்லை. அக்கித் தடுப்புக்கான அசைக்ளோவிர் நிறுத்தப்பட்டது. எண்டெகாவிர் தொடர்கிறது. ஹீமோகுளோபின் 12.4, தட்டணு 1,32,000, சிவப்பணுவின் சராசரிப் பருமன் 103. இவ்வளவு கீமோ கண்ட மஜ்ஜையில் இந்த எண் 100-ஐத் தாண்டினால் மையலோடிஸ்பிளாசியா (மஜ்ஜை கோளாறான ரத்த அணுக்களை உண்டாக்கும் நோய்) தொடங்குகிறதோ என்று பார்த்தே ஆக வேண்டும். பி12, தைராய்டு இயல்பு. மஜ்ஜையின் குரோமோசோம் பரிசோதனையும் இயல்பு. ரத்த எண்ணிக்கை 3 மாதத்துக்கு ஒருமுறை தொடர்கிறது.